டெம்போ ஏறிய பியானோ

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஜோதிகா குளித்துக் கிளம்பிவிட்டாள். நான்கு மாதம் கழித்து இன்றைக்குத்தான் ராபின் வீடு திரும்புகிறான்.

அவள் கணவன் ராபின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பகலெல்லாம் துணி வெட்டுவான், சாயங்காலம் பியானோ வாசிப்பான். ஊட்டியில் ஒரு கான்வென்ட்டில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பியானோவை, பனியன் வேஸ்ட் துணியில் மூட்டை மாதிரி சுற்றி, மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து இரண்டு அறை லைன் வீட்டில் வைத்தவன். அது வந்த பிறகு முன்னறையில் நான்கு பேர் சேர்ந்து உட்கார இடமில்லை.

போன மழைக்காலத்தில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப நாற்பது நாள் வாசித்தான். எங்கோ ஒரு சுரம் தப்பாக விழுகிறது என்றான். யாருக்கும் தப்பாகக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்தார்கள். பெயர் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

சூலூர் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். மகனைக் காணோம் என்றதுமே சாத்தான்குளத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் வந்து தேடியவர் ராபினின் அப்பா அந்தோணிராஜ். மகனைச் சேர்த்த அன்றைக்கே பியானோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். போன வாரம் அதை ஒரேயடியாக வீட்டை விட்டு அனுப்பவும் ஏற்பாடு செய்துவிட்டார்.

இப்போது கதவருகே நின்றுகொண்டு அதையே மறுபடி சொன்னார்.

"எம்மா, அவன் காலெடுத்து உள்ள வைக்கும்போது அந்தப் பொட்டி இங்க இருக்கப்படாது. வீட்டு ஓனர் செங்கோட்டையன் ஐயா அவரு கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோவ பதினோரு மணிக்கு டெம்போ கொண்டாறாரு. நீங்க பொறுமையா ஒரு மணிக்கு மேல வந்தாப் போதும்."

"சரி மாமா."

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. அதாம்மா எம் மகனத் தின்னுச்சு."

ஜோதிகா தலையை ஆட்டினாள். போன வாரமும் இப்படித்தான் ஆட்டியிருந்தாள். அவளுக்கும் அந்தக் கருப்புப் பெட்டியைப் பார்த்தால் பயமாகத்தான் இருந்தது. அதே சமயம், அது போய்விடும் என்று நினைத்தால் நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. இரண்டில் எது நிஜம் என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாததால் தலையாட்டிவிட்டாள்.

*

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானகி மருந்துச் சீட்டை மேசையில் விரித்து, காலை மாத்திரை எது, ராத்திரி மாத்திரை எது என்று பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். ராபின் துணிமணிகளை எடுத்துவர உள்ளே போயிருந்தான்.

"தூக்கம் கெடக் கூடாது. மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. இது ரெண்டும்தாம்மா முக்கியம். கை கொஞ்சம் நடுங்கும். மருந்தாலதான். போகப் போகக் குறைஞ்சிடும்."

"டாக்டர், அந்தப் பியானோ..." ஜோதிகா இழுத்தாள். "வீட்டுல இருந்தா மறுபடி வந்துடுமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பியானோ இல்லாத எத்தனையோ பேருக்கு இது வருது. தறி ஓட்டுறவருக்கு வருது, பஸ் ஓட்டுறவருக்கு வருது. அதனால வந்ததும் இல்ல, அதனால போறதும் இல்ல. அதை விஷம்னும் நினைக்காதீங்க, மருந்துன்னும் நினைக்காதீங்க. அது ஒரு பொருள், அவ்வளவுதான்."

"அவங்கப்பா..."

"அப்பா என்கிட்டயும் போன்ல பேசினார். நல்ல மனுஷர். ஆனா உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு கவனிச்சேன். இங்க வந்து, ராபின் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு, என்கிட்ட கேக்கறீங்க, அவருக்குப் பசிக்குமான்னு. அவருக்கு வாய் இருக்கேம்மா."

ஜோதிகாவுக்கு முகம் சுட்டது. வெளியே வந்ததும், டெம்போவை நிறுத்தச் சொல்ல மாமனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் போனை அலமாரியில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிற ஆள். அடுத்து செங்கோட்டையனுக்குப் போட்டாள்.

"சொல்லுங்க அம்மிணி," என்றார் அவர் உற்சாகமாக. "வண்டி கெளம்பீருச்சுங்க. நானும் வண்டியிலதான் வந்துட்டிருக்கறனுங்க. சாமளாபுரம் மண்டபத்துல மேடையோரமா எடம் ஒதுக்கியாச்சு. பொண்ணு மாப்ள பக்கத்துல அது நின்னா போட்டோவுக்கு என்னமா இருக்குமுங்க!"

ஜோதிகா சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். ராபின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தான்.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். கன்னத்தில் பழைய குழி நிரம்பியிருந்தது. சட்டை பொத்தான்கள் வரிசை மாறாமல் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன ஜோதி?"

"ஒண்ணுமில்ல. பசிக்குதா உங்களுக்கு?" என்று அவனிடமே கேட்டாள்.

அவன் ஒரு கணம் யோசித்தான். "டீ குடிக்கணும் போல இருக்கு," என்றான்.

*

தனியார் பஸ். டிரைவர் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. ஜோதிகா எழுந்து கண்டக்டரிடம் சொல்லப் போனாள். ராபின் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"இருக்கட்டும். நாலு மாசமா ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேட்டேன்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோழிப்பண்ணைகளும் சோளக்காடும் கடந்து போயின. ஜோதிகா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பியானோ விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். யோசனை ஓட ஓட, அவள் இடது கை விரல்கள் பையின் மேல் தாமாக நகரத் தொடங்கின. அது அவளுக்கே தெரியாது.

நான்கு மாதமாக வந்த பழக்கம் அது. வியாழக்கிழமைதோறும் வேலை விட்டதும் அவள் நேராகச் சர்ச்சுக்குப் போவாள். பாடகர் குழுவின் ஒத்திகை ஏழு மணிக்கு. அவள் ஆறுக்கே போய்விடுவாள். சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கதவைத் திறந்துவிட்டு விளக்கேற்றப் போய்விடுவார். காலியான சர்ச்சில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து, ராபினின் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு பாடலைத் தட்டித் தட்டிப் படித்தாள்.

அது கிளாரா ஷூமன் என்கிற ஜெர்மன் பெண்மணி எழுதியது. ஏ மைனர் சுரவரிசையில், மெதுவாக நடக்கிற சின்னப் பாடல். கல்யாணமான புதிதில் ராபின் அந்தப் பெயரை எங்கள் ஊர் அத்தை என்கிற மாதிரி சொல்வான். ஒன்பது வயதில் மேடையேறினவளாம். அறுபது வருஷத்துக்கு மேல் ஐரோப்பா முழுக்க வாசித்தவளாம். புத்தகத்தைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பது அந்தக் காலத்தில் திமிராகத் தெரிந்ததாம், அவள் அதைத்தான் செய்தாளாம். "இவளை மாதிரி வாசிக்க அந்தக் காலத்துல ரெண்டோ மூணோ பேர்தான். அதுல ஆம்பளைங்க எல்லாம் சேர்த்தி," என்பான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு அவன் ஞானப்பாட்டு வாசிக்கிற அளவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதற்கு மேல் இது பெரிய ஏற்றம். ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கு மேலும் எந்த விரல் என்று ராபின் பென்சிலில் எண் எழுதி வைத்திருந்தான். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஏறினாள். முதலில் அவனுக்காக என்று நினைத்தாள். அவன் கைபட்ட தாளில் அவன் இருக்கிறான் என்று தோன்றியது. மூன்றாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, முதல் பக்கம் முழுசாக வந்துவிட்ட அன்று, அவனை நினைக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மாமனாரிடம் "க்வயர் ஒத்திகை சீக்கிரம் ஆரம்பிக்குது மாமா" என்று சொல்லியிருந்தாள்.

பஸ் பல்லடத்தில் நுழைந்தது. கண்டக்டர் பத்து நிமிஷம் நிற்கும் என்றார்.

அவனைக் கண்டுபிடித்த அதே பஸ் ஸ்டாண்டு என்பது ஜோதிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேராகத் திருப்பூர் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஏன் யோசிக்காமல் போனேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"டீ குடிப்போமா?" என்று ராபின் எழுந்தான்.

கடையில் நின்று குடித்தார்கள். டம்ளர் அவன் கையில் லேசாக நடுங்கியது. அவன் அதை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"எந்த பெஞ்சு?"

அவள் காலி டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுக்கத் திரும்பினாள்.

"சொல்லு ஜோதி. எனக்கு ஞாபகம் இல்ல. பாக்கணும்."

அவள் கழிப்பறைச் சுவரை ஒட்டியிருந்த சிமெண்ட் பெஞ்சைக் காட்டினாள். அதில் மூட்டை முடிச்சுகளோடு மூன்று ஹிந்திக்காரப் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராபின் போய் நின்றதும் ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். ராபின் உட்கார்ந்தான். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, எதிரே போகிற வருகிற பஸ்களைப் பார்த்தான். ஒரு நிமிஷம் இருக்கும். எழுந்து வந்தான்.

"வெறும் பெஞ்சுதான்," என்றான். "வா, பஸ் எடுக்கப் போறான்."

அவள் அவனோடு நடந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது. சொல்ல வரவில்லை.

*

ஆட்டோ தெருவுக்குள் திரும்பும்போதே டெம்போ தெரிந்தது.

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. பதினோரு மணிக்கு வர வேண்டிய டெம்போ டயர் பஞ்சராகித் தாமதமாக வந்திருக்கிறது. நான்கு லோடுமேன்கள் வியர்த்து வழிய நின்றார்கள். பியானோவை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே ஜமுக்காளத்தைப் போட்டு, கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியில் செங்கோட்டையன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தோணிராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், ஆட்டோவைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ஒரு மணிக்கு மேலன்னு சொன்னேம்லா!" என்றார் ஜோதிகாவைப் பார்த்து.

ராபின் ஆட்டோவிலிருந்து இறங்கி டெம்போவைப் பார்த்தான். பிறகு திறந்து கிடந்த வீட்டுக்குள் பார்த்தான். முன்னறை திடீரென்று பெரிதாகியிருந்தது. தரையில் பியானோ நின்ற இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"யாரு சொன்னது?" என்று கேட்டான். குரல் உயரவில்லை.

"நான்தான்ல," என்றார் அந்தோணிராஜ்.

"நானும் சரின்னுதான் சொன்னேன்," என்றாள் ஜோதிகா. "வழியெல்லாம் சொல்லணும் சொல்லணும்னு வந்தேன். முடியல."

செங்கோட்டையனுக்குச் சங்கடமாகிவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்க தம்பி, நல்லா இருக்கறீங்களா? உங்கப்பாருதான் சொன்னாருங்க. நானா ஒண்ணும் கேக்கலீங்க."

ராபின் டெம்போவின் பின்பக்கம் போனான். ஜமுக்காளத்தை விலக்கினான்.

"அண்ணா, இதைப் படுக்க வெக்கக் கூடாது. உள்ள கம்பியத் தட்டுற சுத்தியலெல்லாம் சாய்ஞ்சுக்கும். நிமித்தி வெச்சுக் கட்டணும்," என்று லோடுமேன்களிடம் சொன்னான்.

அவர்கள் செங்கோட்டையனைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். நான்கு பேரும் சேர்ந்து தூக்கி நிமிர்த்தினார்கள். உள்ளே கம்பிகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்து, ஒரு நீளமான முனகல் எழுந்து அடங்கியது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

ஜோதிகாவுக்கு அந்தச் சத்தம் எங்கேயோ போய்த் தைத்தது. கணவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க, உங்களுக்கு இது வேணுமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்வோம்."

"அவன்கிட்ட என்னம்மா கேக்க?" என்றார் அந்தோணிராஜ் படபடப்பாக. "இப்பதான வந்திருக்கான். ஏல, நீ உள்ள போயிப் படு."

"அப்பா, இருங்கப்பா." ராபின் தன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தான். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். "எனக்கு இப்ப வேணாம் ஜோதி. வாசிக்க முடியாது. வாசிக்கணும்னும் தோணல. கொஞ்ச நாள் அதுகூடப் பேசாம இருக்கணும் போல இருக்கு."

"பாத்தியா? அவனே சொல்லிட்டான்." அந்தோணிராஜுக்கு மூச்சு வந்தது. "கட்டுங்கப்பா கயித்த."

"ஆனா இது என்னோடது மட்டும் இல்லியேப்பா," என்றான் ராபின். "ஜோதி வாசிக்கிறா."

கயிற்றை எடுத்தவன் அப்படியே நின்றான்.

"யாரு? இவளா?" என்றார் அந்தோணிராஜ்.

"பஸ்ல பை மேல வாசிச்சுக்கிட்டே வந்தா. நான் இடது கையைப் பாத்துக்கிட்டே வந்தேன். கிளாராவோட ஏ மைனர். முதல் பக்கம் முழுசா வந்துடுச்சு. ரெண்டாம் பக்கத்துல ஒரு எடத்துல மட்டும் விரல் தடுமாறுது." அவன் அவள் பக்கம் திரும்பினான். "எப்பப் படிச்ச?"

தெருவில் அத்தனை பேர் நடுவில், ஜோதிகா திருடும்போது பிடிபட்டவள் மாதிரி நின்றாள். பிடிபட்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

"வியாழக்கிழமை. சர்ச்சுல."

"க்வயர்னுலா சொன்ன!" என்றார் அந்தோணிராஜ்.

"ஆமா மாமா. பொய்தான் சொன்னேன். மன்னிச்சுக்குங்க." ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். போன வாரமே சொல்லியிருக்க வேண்டியது இப்போதுதான் வந்தது. "எனக்கு இந்தப் பியானோ வேணும் மாமா. எனக்கே வேணும்."

அந்தோணிராஜ் மருமகளை ஏதோ புதிதாக வீட்டுக்கு வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ படியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றார். "அன்னைக்கு பல்லடத்துல இவன் தோளத் தொட்டு, ஏல ராபினுன்னு கூப்பிட்டேன். யாரோ மாதிரி பாத்தான். பெத்த அப்பன. அந்தப் பார்வ இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்கி. எதையாவது தூக்கி வெளிய போட்டாத்தான் எனக்கு அது போவும்னு இருந்துச்சு. வேற எதத் தூக்கிப் போட எனக்குத் தெரியல."

ராபின் போய் அப்பாவின் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தான். தோளோடு தோள் இடித்தது.

"இப்ப தெரியுதுப்பா," என்றான். "அந்தோணிராஜ். சாத்தான்குளம். பனை ஏறத் தெரியாதுன்னு தாத்தாகிட்ட அடி வாங்குன ஆளு."

பெரியவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "போ ல," என்று மகனின் முழங்காலில் ஓர் அடி வைத்தார்.

செங்கோட்டையன் ஒரு பெருமூச்சு விட்டார். லோடுமேன்கள் பக்கம் திரும்பினார்.

"எறக்குங்கப்பா. மொள்ள. அந்தத் தம்பி சொன்ன மாதிரி நிமித்தியே எறக்குங்க." பிறகு ஜோதிகாவிடம், "மண்டபத்துக்கு ஃபைபர்ல ரெண்டு யானை இருக்குதுங்க அம்மிணி. போட்டோவுக்கு அதுவே போதுமுங்க. ஆனா ஒண்ணுங்க, எங்க ஊட்டுப் பேத்தி கல்யாணத்துக்கு நீங்க வந்து வாசிக்கோணும்," என்றார்.

"எனக்கு ஒரு பாட்டுதான் தெரியுங்க ஐயா."

"ஒண்ணு போதுமுங்களே. கல்யாணத்துல யாரு உக்காந்து கேக்கறாங்க?"

லோடுமேன்களே சிரித்துவிட்டார்கள்.

*

சாப்பிட்டு முடிய இரண்டு மணியாகிவிட்டது. ராபின் மாத்திரை போட்டுக்கொண்டான். எந்த மாத்திரை என்று அவனே சீட்டைப் பார்த்து எடுத்தான். ஜோதிகா பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். உள்ளறையில் பாயை விரித்துப் படுத்தான்.

"கதவு சாத்தட்டுமா?"

"வேணாம். நீ வாசி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அந்தோணிராஜ் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, பியானோவின் மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஜோதிகா மூடியைத் திறந்தாள். சர்ச்சில் இருப்பது பிளாஸ்டிக் கட்டைகள். தொட்டால் போதும், இறங்கும். இது கனமாக இருந்தது. அழுத்தினால்தான் பேசியது. ஏற்றி இறக்கியதில் இரண்டு மூன்று சுரங்கள் வேறு விலகியிருந்தன. நடு எஃப் கட்டை கீழே போனால் திரும்பி எழ யோசித்தது.

இருந்தாலும் வாசித்தாள்.

அந்தப் பாடல் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பிக்கும். வலது கை ஒன்றைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்தும். இடது கை கீழே பொறுமையாகக் காத்திருக்கும். மறுபடி சொல்லும். இந்த முறை ஒரு படி மேலே போய், அங்கிருந்து மெதுவாக இறங்கும். அழுகிற பாட்டு இல்லை அது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்ட ஒருத்தி அடுத்த வேலையைப் பார்க்கப் போகிற மாதிரி இருக்கும். சர்ச்சில் வாசித்தபோது இப்படித் தோன்றியதில்லை. இந்தக் கனத்த கட்டைகளில்தான் தெரிந்தது.

பியானோவின் மேல் இருந்த செல்போன் ஒளிர்ந்தது. சத்தத்தை அணைத்து அதிர மட்டும் வைத்திருந்தாள், பாட்டில் அது கேட்கவில்லை. 'வேல்குமார் சார்' என்று திரையில் வந்தது. கம்பெனி மேனேஜர். ராபினின் கட்டிங் மேசையில் இரண்டு மாதமாக வேறு ஒருவர் நிற்கிறார். ராபினைத் திரும்ப எடுத்துக்கொள்வதா இல்லையா என்று முதலாளியிடம் பேசிவிட்டுச் சனிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருந்தார். இது மாமனாருக்குத் தெரியும், ராபினிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

கையை எடுக்காமல் வாசித்தாள். திரை அணைந்தது. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் வந்தது. ராபின் சொன்ன அதே இடத்தில் விரல் தடுமாறியது. உள்ளேயிருந்து ஏதாவது சொல்வான் என்று காத்தாள். ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வாசற்படியில் நிழல் அசைந்தது. அந்தோணிராஜ் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"இத எழுதுனது பொம்பளயா?" என்றார் தணிந்த குரலில்.

"ஆமா மாமா. ஜெர்மனிக்காரி. நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"கல்யாணம் ஆனவளா?"

"ஆமா. வீட்டுக்காரரும் பாட்டு எழுதுறவர்தான். பெரிய ஆளு." சொல்லலாமா என்று தயங்கினாள். சொல்லிவிட்டாள். "அவருக்கும் மனசு சரியில்லாமப் போயி ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல இந்தம்மாவைப் பாக்கவே விடல. கைல ஏழு பிள்ளைங்க. ஊர் ஊராப் போயி வாசிச்சுத்தான் காப்பாத்துனாங்க."

அந்தோணிராஜ் உள்ளறைப் பக்கம் பார்த்தார். மகனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"அவரு வீட்டுக்கு வந்தாரா?"

ஜோதிகா கட்டைகளைப் பார்த்தபடி சொன்னாள். "வரல மாமா."

பெரியவர் உள்ளே வந்து, சுவர் ஓரமாக, பியானோவுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்த குறுகலான இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம ஆளு வந்துட்டான்," என்றார். "நீ வாசிம்மா. நான் இங்கனயே இருக்கேன்."

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான்கு வரி போவதற்குள் போன் மறுபடி ஒளிர்ந்தது. இந்த முறை மரப்பலகையில் அதிர்ந்து உறுமியது. எடுத்து அணைக்கப் போனாள்.

"யாரு ஜோதி?"

ராபின் எழுந்து உள்ளறை வாசலில் நின்றான். கண்ணில் தூக்கம் இன்னும் இருந்தது.

வேண்டாம், தூங்கி எழுந்த முகத்தோடு இதைக் கேட்க வேண்டாம் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. மாமனாரும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, சொல்லாதே என்கிற மாதிரி தலையை அசைத்தார்.

"வேல்குமார் சார்," என்றாள் ஜோதிகா. "உங்க வேலையப் பத்தி."

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ராபின் கையை நீட்டினான். விரல்கள் நடுங்கின. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"குடு. நானே பேசுறேன்."

அவள் கொடுத்தாள்.